வாசல் நிறையக் கோழி: எதை வைப்பது, எதைக் கழிப்பது?

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கிளுவை வேலி போட்ட தோட்டம் எங்களுடையது. அம்மிச்சி கொடுத்த இரண்டு சிறுவிடைக் கோழியில் ஆரம்பித்தது. அப்புறம் ஆசைக்கு ஒரு ஜோடி பெருவிடை, ஊரே பேசியதால் நாலு கடக்நாத் கருங்கோழி, முட்டைக்கென்று பத்து கிரிராஜாக் குஞ்சு. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்து தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வருஷம் ஒரு நாள் பொழுது சாய எண்ணிப் பார்த்தால் 64 உருப்படி. அன்றைக்குக் கிடைத்த முட்டை ஒன்பது. இப்போது 23 கோழிதான் வைத்திருக்கிறேன். முட்டை மட்டும் அதே ஒன்பது, பத்து. எப்படிக் குறைத்தாய் என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எத்தனை கோழி வரை வைக்கலாம்?

தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதை விடுங்கள். ராத்திரி அடைகிற கூடு எத்தனை அடி என்று பாருங்கள். பகலில் கோழி எங்கே வேண்டுமானாலும் மேயும். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கூட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். தலைக்கு இரண்டு சதுர அடி, ஏறி உட்காரக் கம்பில் முக்கால் அடி. எங்கள் கூடு எட்டுக்கு ஆறு, 48 சதுர அடி, ஆக 24 கோழி. 23 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான், அதில் வேறு ஞானம் எதுவும் இல்லை.

அளவு நாடா இல்லாமலும் பார்க்கலாம். விடிகாலை கூட்டைத் திறந்தவுடனே தலையை உள்ளே விடுங்கள். கண் எரிந்தால் கோழி அதிகம். இன்னொன்று, பாதிக் கோழி கூட்டுக்கு வராமல் முருங்கை மரத்தில் ஏறும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தன. மரநாய் ஒரே வாரத்தில் நாலைத் தூக்கிப் போனது. "போனால் போகுது, நெறைய இருக்குதுல்ல" என்று நானே சொன்னேன். கோழி போனது தெரிந்தும் மனசு பதறவில்லை என்றால் கூட்டம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

தீவனக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மேய்கிற கோழிக்கு நாம் தலைக்கு ஐம்பது கிராம் இறைத்தாலும் 64 கோழிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிலோவுக்கு மேல். மாதம் ஐம்பது கிலோ மூட்டை இரண்டு. குப்பைமேடும் கட்டுத்தரையும் இருபது கோழிக்குத்தான் புழு கொடுக்கும். மீதி நாற்பதும் உங்கள் மூட்டையை நம்பித்தான் இருக்கும். போதாக்குறைக்கு மயில்கள் வேறு பங்குக்கு வரும்.

எல்லா ரகத்தையும் ஒரே கூட்டில் விடலாமா?

பெட்டைகளை விடலாம். ஒரு வாரம் கொத்திக்கொண்டு, யார் பெரியவள் என்று முடிவு செய்துகொண்டு அடங்கிவிடும். சேவல்தான் சிக்கல்.

பெருவிடை சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரகம். மற்ற சேவல்கள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தோற்றவன் ஓடினால் விட்டுவிடும். பெருவிடை விடாது. எங்கள் கடக்நாத் சேவல் ஓடி வைக்கோல் போருக்கு அடியில் ஒளிந்தது. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெருவிடை போரின் வாயில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே இருந்தது உயிரோடு இல்லை. தப்பு சேவல் மேல் இல்லை. இரண்டையும் ஒரே வாசலில் விட்ட என் மேல்தான்.

எடையையும் பார்க்க வேண்டும். பெருவிடைச் சேவல் மூன்று, நாலு கிலோ நிற்கும். சிறுவிடைப் பெட்டை ஒன்றேகால் கிலோ. அந்தப் பாரம் தினமும் மேலே ஏறினால் பெட்டையின் முதுகில் இறகு போய்த் தோல் தெரியும், நகம் கிழித்துப் புண்ணாகும், புண்ணில் ஈ உட்காரும். முதுகு மொட்டையான பெட்டை இரண்டு மூன்று தென்பட்டால் மருந்தைத் தேடாதீர்கள், சேவலை மாற்றுங்கள்.

குஞ்சுகளைக் கலக்கும்போது ரகத்தைவிட வயசுதான் முக்கியம். ஒரு மாதக் குஞ்சையும் மூன்று மாத விடலையையும் ஒன்றாக விட்டால் சின்னது தீவனத் தட்டுப் பக்கமே போகாது. வெளியே பார்க்கத் தீவனம் கிடக்கும், குஞ்சு மட்டும் இளைக்கும்.

சரி, எந்த ரகத்தைத்தான் வைத்துக்கொள்வது?

எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

அடை காத்துக் குஞ்சு வளர்க்கச் சிறுவிடையை மிஞ்ச ஆள் இல்லை. வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடும். ஆனால் பருந்து நிழல் தரையில் விழுந்த அடுத்த நொடி ஒரு சத்தம் கொடுத்துக் குஞ்சு அத்தனையையும் கிளுவைப் புதருக்குள் ஓட்டிவிடும். எந்த இன்குபேட்டரும் அதைச் செய்யாது.

வீட்டு முட்டைக்குக் கிரிராஜா, கிராமப்பிரியா போன்ற கொல்லைப்புற ரகங்கள். கிரிராஜா பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. நன்றாகக் கவனித்தால் வருஷம் 130, 140 முட்டை வரை பார்க்கலாம். அடையில் உட்காராது, தீவனம் அதிகம் தின்னும், கனத்த உடம்பு என்பதால் நாய்க்குத் தப்பி ஓடத் தெரியாது. முக்கியமாக, அதன் முட்டையை அடை வைத்து எடுக்கும் குஞ்சு தாயைப் போல இருக்காது. பல வழி ரத்தம் கலந்து செய்த ரகம், அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். ஆகவே அவற்றை முட்டை இடும் வரை வைத்திருந்துவிட்டு, புதுக் குஞ்சை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

கிராப்புக் கோழியைக் கழுகுக் கோழி என்றும் சொல்வார்கள். பார்க்க அழகில்லை என்று என் மனைவிக்குப் பிடிக்காது. ஆனால் கழுத்தில் மட்டுமல்ல, உடம்பிலேயே அதற்கு இறகு குறைவு. சூடு சீக்கிரம் வெளியேறும். சித்திரையில் கரூர், ஈரோடு பக்கம் நாற்பது டிகிரி தாண்டும்போது மற்ற கோழிகள் வாயைப் பிளந்து இறக்கையை விரித்து நிழலில் கிடக்கும், இது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் அது என்னிடம் இன்னும் இருக்கிறது.

பெருவிடை, கிளிமூக்கு எல்லாம் ஆசைக்கு வளர்ப்பது. தனிக்கூடு, தனித்தீவனம், தனி நேரம் இருப்பவர்களுக்கு நல்லது. எனக்கு இல்லை, கொடுத்துவிட்டேன்.

ஊரே பேசுகிறது என்று மட்டும் எந்த ரகத்தையும் வாங்காதீர்கள். பெருந்துறைப் பக்கம் 2012இல் ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டவர்களை அது என்ன பாடு படுத்தியது என்று இந்தச் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கறியைத் தின்ன ஆள் இல்லை; குஞ்சை விற்பதுதான் தொழிலாக இருந்தது.

கடக்நாத் முட்டை கருப்பாகத்தானே இருக்கும்?

இல்லை. லேசான பழுப்பு, சில நேரம் கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி. கருப்பாக இருப்பது தோலும் கறியும் எலும்பும்தான். மத்தியப்பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்துக் கோழி இது. அந்தக் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பு நிறம் ஓங்குகிற குணம் என்பதால் நம் ஊர்ப் பெட்டையோடு சேர்ந்தாலும் குஞ்சு ஓரளவு கருப்பாகவே வரும். அதைத்தான் பல பேர் அசல் என்று விற்கிறார்கள். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். கொண்டை பளிச்சென்று சிவப்பாகவும் நாக்கு வெளுப்பாகவும் இருந்தால் கலப்பு. சாப்பிடக் கலப்பும் நன்றாகத்தான் இருக்கும், அசல் விலைதான் கொடுக்கக் கூடாது.

கழிப்பது என்று முடிவு செய்தால் முதலில் எதை?

விடலைச் சேவலை. யோசிக்கவே வேண்டாம். பொரிக்கிற குஞ்சில் பாதிக்குப் பாதி சேவல். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதி அத்தனையும் தின்று, கத்தி, சண்டை போட்டு, பெட்டைகளை விரட்டி மேய விடாமல் செய்யும். என் 64இல் 21 விடலைச் சேவல். அவற்றை அனுப்பிய மறுவாரமே முட்டை கூடியது. பெட்டைகள் நிம்மதியாக மேய்ந்தன, அவ்வளவுதான் காரணம்.

எப்போது என்றால் நாலிலிருந்து ஐந்து மாதத்துக்குள். அதற்கு மேல் தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாது, கறியும் முத்தும்.

அதற்கு முன் எது சேவல் என்று தெரிய வேண்டுமே. சிறுவிடையில் இரண்டு மாதத்திலேயே கொண்டை சிவந்து தெரிந்துவிடும். பெருவிடைக்குக் கொண்டை சின்னதாகப் பட்டாணி மாதிரி அமுங்கி இருக்கும், அதை வைத்துச் சொன்னால் ஏமாந்துவிடுவீர்கள். வாலுக்கு முன்னால், இடுப்பின் இரண்டு பக்கமும் விழும் இறகைப் பாருங்கள். நுனி கூராக, மினுமினுப்பாக இறங்கினால் சேவல். உருண்டையாக இருந்தால் பெட்டை. மூன்று மாதத்தில் இது தெளிவாகத் தெரியும்.

எந்தச் சேவலை நிறுத்துவது? நிறத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன்: கால் நேராக இருக்கிறதா, ஒரு தடவையாவது சீக்கில் விழுந்ததா, குழந்தைகள் மேல் பாய்கிறதா. பாய்கிற சேவல் மயில் மாதிரி இருந்தாலும் வேண்டாம். ஒரு தடவை எங்கள் பையன் கன்னத்தில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று.

பெட்டைகளில் முட்டை இடுவது எது, சும்மா திரிவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரி பார்க்க வேண்டும். பகலில் துரத்தினால் உங்களுக்கும் இரைக்கும், கோழிக்கும் இரைக்கும், நாலு நாள் முட்டையும் நிற்கும். எட்டு மணிக்கு மேல் கூட்டுக்குள் போய், போன் டார்ச்சைத் துணியில் சுற்றி மங்கலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கம்பில் இருந்து எடுங்கள். இடது கக்கத்தில் தலை பின்பக்கம் போகிற மாதிரி இடுக்கிக்கொண்டால் துளிச் சத்தம் வராது.

வாலுக்குக் கீழே, எச்சம் போகிற வாய்க்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் இரண்டு தட்டுப்படும். முட்டை இடுகிற கோழிக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழையும். எலும்பு வளைந்து கொடுக்கும். இடாத கோழிக்கு ஒரு விரலே நெருக்கும். அந்த எச்ச வாயும் அப்படித்தான்: இடுகிறது என்றால் அகலமாக, ஈரமாக, வெளுத்திருக்கும், நின்றுவிட்டது என்றால் சுருங்கி, காய்ந்து, மஞ்சளாக இருக்கும். மஞ்சள் கால் கோழியாக இருந்தால் இன்னொரு சாட்சியும் உண்டு. மஞ்சள் எல்லாம் கருவுக்குப் போய்விடுவதால் நன்றாக இடுகிற கோழியின் கால் வெளுத்துக்கொண்டே வரும். கால் பளபளவென்று மஞ்சளாக, இறகு புத்தம் புதிதாக, ராணி மாதிரி நடக்கிறதே ஒன்று, அது பெரும்பாலும் முட்டை இடாத கோழி. கந்தலாகத் திரிவதுதான் உங்களுக்கு முட்டை கொடுக்கிறது.

நான் முதல் ராத்திரி பழைய சேலைக் கிழிசலோடு உட்கார்ந்தேன். இடுகிற கோழிக்குக் காலில் சிவப்புக் கிழிசல், சந்தேகத்துக்கு நீலம், நின்றதற்கு ஒன்றும் இல்லை. ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அடையில் இருந்து எழுந்த கோழி, குஞ்சோடு இருக்கும் கோழி, இறகு உதிர்க்கும் கோழி எல்லாம் அந்தச் சமயத்தில் இடாது, அப்புறம் இடும். மூன்று வாரம் விட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு தடவையும் கிழிசல் கட்டாமல் நின்றவை ஏழு. அதில் ஒன்று நான் மிகவும் நம்பியிருந்த வெள்ளைப் பெட்டை. நாலு வருஷத்துக் கிழவி; முட்டைப் பானையில் போய் உட்காரும், கேறும், எழுந்து வரும், முட்டை மட்டும் இருக்காது.

பொதுவாக இரண்டரை, மூன்று வயசுக்கு மேல் முட்டை நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் நல்ல தாய்க்கோழியை வயசு பார்த்துக் கழிக்காதீர்கள். எங்கள் அம்மிச்சி கொடுத்த கோழியில் ஒன்று இன்னும் இருக்கிறது. மற்ற கோழிகளின் முட்டையை அதற்கு வைத்தால் பத்தில் எட்டுக் குஞ்சு எடுத்துக் கொடுக்கும்.

முட்டை குடிக்கிற கோழியைத் திருத்த முடியுமா?

ஆரம்பத்திலேயே பிடித்தால் முடியும். கிளிஞ்சல் போதாமல் ஓடு மெலிந்து உடைந்த முட்டையில்தான் பெரும்பாலும் ருசி பிடிக்கும். கிளிஞ்சல் வையுங்கள், முட்டைப் பானையை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள், மத்தியானத்துக்குள் முட்டையை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் அந்தக் கோழியைக் குழம்புக்கு அனுப்புங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதும் கற்றுக்கொள்ளும்.

எப்போது விற்றால் நல்ல விலை?

நோம்பிக் கணக்கு, அதாவது பண்டிகை, ஊர்த் திருவிழாக் கணக்கு தெரிந்தால் போதும். ஆடி ஒன்று, ஆடிப் பதினெட்டு, தீபாவளி, மாட்டுப்பொங்கல் முடிந்த கையோடு, அப்புறம் பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டினால் நோம்பி முடிகிற வரை பல வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். முடிந்த மறுநாள் விடியும் முன்னே வாசலில் வந்து "கோழி இருக்குங்களா" என்று நிற்பார்கள். புரட்டாசியில் கொண்டு போனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் அதிகம், தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் அதிகம், அப்போதும் மந்தம்.

இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மாசியில் பொரித்த சேவல் ஆடிக்கு ஐந்து மாதம். வைகாசியில் பொரித்தது தீபாவளிக்கு. நான் வருஷத்தில் இந்த இரண்டு ஈடு மட்டும்தான் அடை வைக்கிறேன். ஐப்பசி மழையில் பொரிக்கும் குஞ்சு ஈரத்தில் பாதி போய்விடும், மிஞ்சுவதும் வளர்ந்து வரும்போது நோம்பி இருக்காது.

வாசலுக்கு வருகிற வியாபாரியிடம் ஜாக்கிரதை. என்னிடம் முதலில் வந்தவர் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு வந்தார். கோழியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை, "எல்லாம் கலப்புங்க" என்றார். பிறகு உருப்படிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினார். 21 சேவலில் ஆறு பெருவிடைக் கலப்பு, ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. அவையும் ஒன்றேகால் கிலோச் சிறுவிடை விலைக்கே போயின. அன்று சாயங்காலமே ஒரு தராசு வாங்கினேன். எடை போட்டுத்தான் விற்க வேண்டும். சந்தைக்கு எடுத்துப் போவதானால் குன்னத்தூர், புளியம்பட்டி எல்லாம் இருக்கின்றன. விடியும் முன்னே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கோழியும் வாடும், விலையும் வாடும். கூடையில் கொண்டு போங்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வண்டியில் கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்ப்பதா?

சேர்க்கத்தான் வேண்டும், அதுவும் கூட்டில் இடம் பிடிக்கிறதே. நேர்ந்ததை விற்க மாட்டார்கள், அடுத்தவருக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே நேரும்போதே எந்த நோம்பிக்கு என்று சொல்லி நேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் பெரியம்மா நாள் சொல்லாமல் நேர்ந்த சேவல் மூன்று வருஷம் வாசலை ஆண்டது. மாப்பிள்ளை விருந்துக்குக்கூட அதைத் தொட முடியவில்லை.

ரகம் கலக்காமல் வைக்க என்ன செய்வது?

குஞ்சு வேண்டிய சமயத்தில் மட்டும் பிரித்தால் போதும். சேவலை நீக்கியும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பெட்டையின் முட்டையில் கரு கூடும். அதனால் பெட்டைகளை மற்றச் சேவல்களிடம் இருந்து மூன்று வாரம் பிரித்து வைத்து, அதற்குப் பிறகு இடுகிற முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் நேற்றுப் பிரித்து இன்று முட்டை எடுத்தால் குஞ்சு எந்த நிறத்தில் வருமோ அது கடவுள் விட்ட வழி.

அதே சேவலை வருஷக்கணக்காக வைத்திருந்தால் மகளோடும் பேத்தியோடும் சேரும். பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாக வரும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாலு ஊர் தள்ளி இருப்பவரிடம் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லை.

குறைத்த பிறகும் எண்ணிக்கை மறுபடி ஏறிவிடுகிறதே?

அடையில்தான் பிடிக்க வேண்டும். எட்டுப் பெட்டையும் அடையில் உட்கார்ந்தது என்பதற்காக எட்டுக்கும் முட்டை வைத்தால் நாலு மாதத்தில் நீங்கள் பழைய இடத்தில் நிற்பீர்கள். ஒரு ஈட்டுக்கு இரண்டு கோழி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு முட்டை, வாரத்துக்குள் இட்ட முட்டையாக. ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சு அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது, தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் பொரிக்கும்.

மற்ற கோழிகளின் அடையைத் தெளிய வைக்க வேண்டும். மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் ஊரில் உண்டு, நான் செய்வதில்லை. கம்பி அடித்தளம் போட்ட கூண்டில், கீழே காற்றுப் போகிற மாதிரி நாலு நாள் விட்டு, தீனியும் தண்ணீரும் வைத்தால் வயிற்றுச் சூடு இறங்கித் தெளிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று ஏமாற்றும். போன வைகாசியில் ஒரு செவலைப் பெட்டையைக் காணோம். கீரி பிடித்தது என்று கணக்கில் அடித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கிளுவை வேலிக்குள் இருந்து பதினொரு குஞ்சோடு வந்து, கட்டுத்தரையில் எனக்கு முன்னாலேயே எருவைக் கிளறிக் காட்டியது. என்ன செய்ய, பஞ்சாரத்தை எடுத்துக் கவிழ்த்தேன்.

சந்தையில் வாங்கி வந்த கோழியை நேரே கூட்டத்தில் விடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் எண்ணிக்கையை நமக்காகக் குறைத்துவிட்டுப் போவது வெள்ளைக்கழிச்சல்தான். உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1920களில் கண்டறிந்ததால் ராணிக்கெட் என்றும் பெயர். கழுத்து திருகும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூன்று நாளில் கூடு காலியாகும். மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு. புதிதாக வந்ததை மூன்று வாரம் தனியாக வையுங்கள். தீவனம் வைக்கிற ஆளே இரண்டு பக்கமும் போனால் முதலில் பழைய கோழி, கடைசியில் புதுக் கோழி. அப்புறம் ராத்திரி, கம்பில் மற்றவை தூங்கும்போது நடுவில் விட்டுவிடுங்கள். விடிந்தால் சண்டை பாதிதான் இருக்கும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை இப்படிப் போட வேண்டும்: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. சின்னக் குப்பியிலேயே நூறு கோழிக்கு மருந்து இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. நான் ஐஸ் போட்ட தூக்குப்போசியில் வைத்துத்தான் எடுத்து வருவேன். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும், விட்டுவிடாதீர்கள். சந்தேகம் கேட்க நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 1985இல் இருந்து நம் பக்கத்துக் கோழிக்காரர்களுக்கு அதுதான் துணை.

சீக்கு வந்ததும் அவசரமாக விற்றுவிடலாமா, கறி வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். நீங்கள் விற்ற கோழி சந்தைக்குப் போய் நாற்பது ஊருக்கு நோயைக் கொண்டு போகும். இறந்ததை வாய்க்காலில் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒரே நேரத்தில் நிறைய விழுந்தால் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.

பெருவிடைச் சேவலைச் சண்டைக் கட்டுக்குக் கேட்டு வருகிறார்கள். கொடுக்கலாமா?

விலை அதிகம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கைச் சண்டைக்கு விடுவது குற்றம். நான் இனப்பெருக்கத்துக்குக் கேட்டவரிடம்தான் கொடுத்தேன், விலை குறைந்தாலும்.

விற்க மனசில்லை. வேறு வழி உண்டா?

வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடுங்கள். விடைக்கோழி ஒன்றை இடம் இருக்கிறவர்களிடம் கொடுத்தால், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. எங்கள் ஆத்தா காலத்தில் ஆட்டுக்கும் கோழிக்கும் இதுதான் வழக்கம். ஒரு எச்சரிக்கை: பங்குக் குஞ்சை வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உங்கள் கூட்டிலேயே அடைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பங்கை அங்கேயே வளர்த்துச் சேவலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கழித்த கிழக் கோழியின் கறி வேகவே மாட்டேன் என்கிறது?

பள்ளிபாளையம் வறுவலுக்கு அது ஆகாது. அதற்கு நாலு மாத விடலை வேண்டும். கிழக் கோழி குழம்புக்கும் சாறுக்கும்தான்.

முதல் நாள் சாயங்காலம் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள், குடல் சுத்தமாக இருக்கும். இறகைப் பிடுங்கி, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டி எடுங்கள். தோலை உரித்துவிட்டால் நாட்டுக்கோழிக்குப் பாதி ருசி போய்விடும். வெட்டிய கறியை உடனே அடுப்பில் ஏற்றாமல் ஒரு ராத்திரி பிரிட்ஜில் வைத்தால் விறைப்பு விடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதக்கி, கறியைப் போட்டு, மல்லி அரைத்து ஊற்றி, கைப்பிடி பப்பாளிக்காய்த் துண்டு சேர்த்து, விறகடுப்பில் சின்னத் தீயில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். குக்கர் என்றால் பத்து விசில். தேங்காயை இறக்குவதற்கு முன்னால் ஊற்றினால் போதும். அகப்பையில் தொடையை அழுத்தினால் கறி எலும்பை விட்டு நகர வேண்டும். நகரவில்லையா, இன்னும் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள்.